பதினெட்டு வோல்ட்டும் நானும்

கம்பியில்லாத டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் சேர்ந்த செட்டை விற்கிற தொழிலில் முதல் சங்கடம் என்னவென்றால், பெட்டியைத் திறந்ததும் பத்துக்கு எட்டுப் பேர் மெஷினைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்து, நம் பக்கம் நீட்டி, 'டர்ர்' என்று ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள். நாமும் சுடப்பட்டவர்கள் போல லேசாகச் சிரிக்க வேண்டும். ஜவுளிக்கடையில் நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டி நாற்பதையும் மடித்து வைக்கிறவர்களே, செருப்புக்கடையில் ஊரார் காலைப் பிடித்துப் பக்கிள் மாட்டுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. அவர்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள்.

என் பெயர் கிரேஸ். சித்தூரில் ஒரு பவர் டூல்ஸ் கடையில் சேர்ந்தேன். முதலாளி திருப்பதியில் கிளை திறந்ததும் அங்கே மாற்றிவிட்டார். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: டிரில் துளை போடும், இம்பாக்ட் டிரைவர் ஸ்க்ரூ முறுக்கும். அதற்குள் ஒரு சின்னச் சுத்தி சுழல்கிற திசையிலேயே தட்டித் தட்டி முறுக்குவதால் எவ்வளவு நீளமான ஸ்க்ரூவும் இறங்கிவிடும், நம் கையைத் திருகாது. இரண்டுக்கும் ஒரே பாட்டரி. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். கேட்க ஆள் கிடைக்கத்தான் நேரமாகும்.

ஆம்பளைங்க யாரும் இல்லியா?

சித்தூர் கடையில் சேர்ந்த முதல் மாதம். கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரி ஒருவர் வந்தார். கண்ணாடி அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலைக்குப் பின்னால் பார்த்தார். "ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?" என்றார். பின்னால் சர்வீஸ் மேஜையில் மஸ்தான் பாய் இருந்தார். பழுதான மெஷினைப் பிரித்துப் பூட்டுவதில் சித்தூரிலேயே அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் புது மெஷினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனால்தான் அவருக்கு அறிமுகமே ஆகும்.

ஆசாரி நேராக அவரிடம் போய், "பாய், தேக்குல நாலு இன்ச் ஸ்க்ரூ இறங்குமா?" என்று கேட்டார். பாய் அங்கிருந்தே, "கிரேஸம்மா, தேக்குல நாலு இன்ச் இறங்குமா?" என்றார். "இம்பாக்ட்ல இறங்கும் பாய். டிரில்லுல முயற்சி பண்ண வேணாம்" என்றேன். பாய் திரும்பி, "இம்பாக்ட்ல இறங்கும். டிரில்லுல முயற்சி பண்ண வேணாம்" என்றார். ஆசாரி தலையாட்டினார். பாட்டரி எத்தனை ஆம்பியர், பிரஷ் உள்ள மோட்டாரா இல்லாத மோட்டாரா, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று மொத்தம் ஆறு கேள்வி. ஆறும் என்னைக் கடந்து பாயிடம் போய், பாயிடமிருந்து என்னிடம் வந்து, என்னிடமிருந்து பாயிடம் போய், கடைசியில் ஆசாரிக்குப் போய்ச் சேர்ந்தன. செட்டை வாங்கி, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போகிற போக்கில் என் கவுண்டர் முன்னால் நின்று அன்பாகச் சொன்னார்: "பாய் இன்னா வெவரமா சொல்றாரு பாத்தியா? கூடவே இருந்து கத்துக்கோம்மா."

மூன்று பேரும் ஒரு ஸ்க்ரூவும்

பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர் ஒருவர், கோடைக்காற்றுக்கு முன்னால் ஷெட்டுக்குத் தகரக் கூரை போட வேண்டும் என்று இம்பாக்ட் டிரைவர் வாங்கிப் போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். கூட இரண்டு பேர், கையில் வெட்டிய தகரத் துண்டு, சாட்சிக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. மெஷின் நன்றாகத்தான் சத்தம் போடுகிறதாம், ஆனால் ஸ்க்ரூ தகரத்துக்குள் போக மாட்டேன் என்கிறதாம். தோள் வலிக்க மூன்று பேரும் மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறார்கள். "ஏமண்டி, டூப்ளிகேட் மெஷினைத் தலையில கட்டிட்டீங்களா?" என்றார் கூட வந்தவர்.

நான் மெஷினை வாங்கினேன். விசைக்கு மேலே, சுழலும் திசையை மாற்றுகிற ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினேன். தகரத்தில் ஸ்க்ரூவை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மூன்று பேரும் தகரத்தைத் திருப்பி, ஸ்க்ரூ நுனி வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு தோப்புக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஒரு வாரமா நாங்க இன்னாத்தைக் கழட்டிக்கினு இருந்தோம்?"

நாற்பத்தெட்டு பெரிதா, பதினெட்டு பெரிதா?

இந்தக் கேள்வியால் என் ஆயுசில் சில மாதங்கள் குறைந்திருக்கும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதுவும் கணக்கு வாத்தியார், செல்போனை என் முன் நீட்டினார். அதில் ஒரு டிரில் படம், மேலே பெரிய எழுத்தில் நாற்பத்தெட்டு. "உங்களுது வெறும் பதினெட்டு வோல்ட். வெலை ரெண்டு மடங்கு. எந்தக் கணக்குல வருதும்மா இது?" என்றார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். சார், அந்த நாற்பத்தெட்டு வோல்ட் இல்லை. கூர்ந்து பாருங்கள், எண்ணுக்குப் பின்னால் வேறொரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது மாடல் பெயர். உள்ளே பாட்டரியைப் பிரித்து, எத்தனை செல் என்று எண்ணிப் பார்த்தால் பதினெட்டைத் தொடுவதே கஷ்டம். சில கம்பெனி இருபது என்று போடும், அதுவும் நம் பதினெட்டும் ஒன்றுதான். முழு சார்ஜில் அளந்தால் இருபது, வேலை செய்கையில் அளந்தால் பதினெட்டு. நீங்கள் பார்க்க வேண்டியது டார்க், அதாவது முறுக்குகிற பலம். அப்புறம் பாட்டரியின் ஆம்பியர். அப்புறம் கெட்டுப்போனால் சர்வீஸ் எங்கே என்பது. வாத்தியார் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். ஒரு காகிதத்தில் குறித்தும் கொண்டார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "எல்லாரும் நாப்பத்தெட்டுன்னு போடும்போது, உங்க கம்பெனிக்காரன் மட்டும் ஏம்மா பதினெட்டுன்னு நெஜத்தைப் போட்டு யாவாரத்தைக் கெடுத்துக்கறான்?"

கல்லும் வாய்தாவும்

கர்நாடக எல்லையோரம் குப்பம் என்கிற ஊர்க்காரர்களிடம் ஒரு விசேஷம், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுவார்கள். எதில் நாம் தடுமாறுகிறோமோ அதில் நின்றுவிடுவார்கள். ஒருவர் கோர்ட்டு வேலையாகச் சித்தூர் வந்தவர், வாய்தா தள்ளிப்போனதால் கடைக்கு வந்தார். வேலிக்கு நட்ட கல் கம்பங்களில் துளை போட கம்பியில்லாத டிரில் வேண்டும். செங்கல் சுவரென்றால் இது போதும், கருங்கல்லில் ஓடாது, அதற்கு ரோட்டரி ஹாமர் என்று வேறு மெஷின் இருக்கிறது என்றேன். விலை அதிகமான சாமானை விற்கப் பார்க்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். "தினாம் கல்லுலயே பொழங்கறவன்மா நான்" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே 'மலையையே குடையும் சார்' என்று சொல்லி டிரில்லைக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாய்தாவுக்கு வந்தார். நேராக எங்கள் கடை. டிரில்லைக் கவுண்டர் மேல் வைத்து மூன்று பாஷையிலும் திட்ட ஆரம்பித்தார். துளை போடுகிற கம்பி, அதாவது பிட்டு, நுனி மழுங்கி உருண்டையாக இருந்தது. கல்லில் ஒரு பொட்டு வைத்த அளவுக்குத்தான் குழி விழுந்ததாம். நான் திட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணா, இது நம்ம கடையில வாங்கினது இல்லியே. எதிர்க்கடையில இல்ல கேக்கணும்?" என்றேன். அவர் என்னை ஏதோ நியாயம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அவன் பொய் சொன்னவன், அவன்கிட்ட போய் இன்னா பேசறது? நீதான் நெஜத்தைச் சொன்னவ. அன்னிக்கு என் சட்டையைப் புடிச்சி நிறுத்தியிருக்க வேணாமா?"

கமிட்டித் தீர்மானம்

இது எங்கள் சபையில் நடந்தது. மிஷன் காலத்துக் கோயில், பழைய மரவேலை. கிறிஸ்மஸ் மேடை போடவும் பெஞ்சு பழுது பார்க்கவும் ஒரு செட் வாங்குவது என்று கமிட்டி கூடியது. நான் கடையில் வேலை செய்கிறவள் என்பதால் ஆலோசனை சொல்லக் கூப்பிட்டார்கள். மெஷினில் கம்பெனிக்கு ஒரு நிறம். ஒருவருக்குப் பச்சை நிற மெஷின்தான் நம்பிக்கை, இன்னொருவருடைய மச்சான் மஞ்சள் வைத்திருக்கிறார். மரவேலைக்கு நடுத்தரப் பலம் போதும், கனம் குறைவாக இருந்தால் ஏணி மேல் நின்று பிடிக்கலாம் என்றேன். ரொம்ப நல்ல யோசனை என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டு, இருப்பதிலேயே கனமானதை வாங்கினார்கள். ஆண்டவருடைய வேலைக்கு வாங்குவது, குறை இருக்கக் கூடாது என்றார் செயலாளர்.

அடுத்த பிரச்சினை, யாராவது சொந்த வீட்டு வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்? நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. மெஷின்கள் போதகர் வீட்டில், பாட்டரி செயலாளர் வீட்டில், சார்ஜர் பொருளாளர் வீட்டில். டிசம்பரில் மேடை போடுகிற அன்று செயலாளர் மகளைப் பார்க்க வேலூருக்குப் போயிருந்தார். பொருளாளர் சார்ஜரோடு வந்தார், ஏற்ற எதுவும் இல்லை. போதகர் மெஷின் பெட்டியோடு வந்தார், சுற்ற எதுவும் இல்லை. கடைசியில் பக்கத்துத் தெரு ஆசாரி திருப்புளியை வைத்து நாள் முழுக்க முறுக்கினார். போதகர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "திரித்துவத்தை இருவது வருஷமா பிரசங்கத்துல விளக்கறேன்மா, ஒருத்தருக்கும் புரியல. கமிட்டி ஒரே தீர்மானத்துல புரியவெச்சிட்டாங்க."

சுருதி பார்த்து வாங்கியவர்

திருப்பதிக் கிளைக்கு மாறிய பிறகு வந்தவர் இவர். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பளிச்சென்று திருமண், மடிப்புக் கலையாத வேட்டி. கூட மாமியும் வந்திருந்தார். வீட்டில் சுவடிப் பெட்டிகள் வைக்கச் சுவரெல்லாம் பலகை அடிக்க வேண்டும், ஆள் கூப்பிட்டால் வருவதில்லை, தானே செய்துகொள்ளப் போகிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சத்தம் வரக் கூடாது. டிரில் ஒவ்வொன்றையும் ஓடவிடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். "இது பேஷ். இது கொஞ்சம் மேல போறது. இது அபஸ்வரம்" என்றார். நாலாவதைத் தேர்ந்தெடுத்தார். இத்தனை வருஷத்தில் டிரில்லைக் காதால் தேர்ந்தெடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இம்பாக்ட் டிரைவரைச் சும்மா ஓட்டினால் சாதுவாகத்தான் இருக்கும். மரத்தில் ஸ்க்ரூ கடினமாகிற இடத்தில்தான் உள்ளே சுத்தி தட்ட ஆரம்பிக்கும். நான் மறைக்காமல் மாதிரிக் கட்டையில் ஒரு ஸ்க்ரூவை இறக்கிக் காட்டினேன். டகடகடகவென்று கடையே அதிர்ந்தது. அவர் இரண்டடி பின்வாங்கி, "அபசாரம்! அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பா? இது வேண்டாம்" என்றார். அதுவரை வாயே திறக்காத மாமி முன்னால் வந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பரவாயில்லை, போடும்மா. கார்த்தால நாலு மணிக்கு இவர் பாசுரம் சேவிக்க ஆரம்பிச்சா தெருவே எழுந்து உக்காந்துடறது. அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

பக்கவாட்டுக் கைப்பிடி

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது, ஆனாலும் சொல்ல வேண்டும். ரேணிகுண்டாவில் லாரி பாடி கட்டுகிற சின்னப் பட்டறை வைத்திருந்தவர் லோகநாதன். நாற்பது வயதிருக்கும். இருப்பதிலேயே பலமான செட் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். அந்த அளவு பலமான டிரில்லுக்குப் பக்கவாட்டில் மாட்ட ஒரு கைப்பிடி வரும். பிட்டு இரும்பில் சிக்கி நின்றுவிட்டால் மோட்டார் நிற்காது. மெஷினே சுழலும், அதைப் பிடித்திருக்கிற கையும் சேர்ந்து சுழலும். அதனால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். வழக்கமாக இதை மூன்று தரம் சொல்வேன். அன்று கவுண்டரில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் கைப்பிடியை எடுத்துப் பார்த்து, "இது எதுக்கு மேடம், எடத்தை அடைச்சிகினு?" என்று பெட்டியின் மூலையில் போட்டார். நான் ஒரு தரம் சொன்னேன். அடுத்தவருக்குப் பில் போடப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி குமாரி வந்தார். பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தார். தடித்த இரும்புத் தகட்டில் பெரிய வட்டத் துளை போடும்போது சிக்கிக்கொண்டதாம். லோகநாதன் ஒற்றைக் கையால் பிடித்திருக்கிறார். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. பெட்டியைத் திறந்தேன். கைப்பிடி அதே மூலையில், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. முதலாளி உள்ளேயிருந்து வந்து, மெஷினோடு வருகிற புத்தகத்தில் எல்லாம் போட்டிருக்கிறது, நம் மேல் தப்பில்லை என்று ஆரம்பித்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் புத்தகத்தை யார் படிக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குமாரி சண்டைக்கு வரவில்லை, மெஷினைத் திருப்பிக் கொடுக்கவும் வரவில்லை. ஒரு லாரிக்குப் பலகையும் தகடும் அடிக்கிற வேலை பாதியில் நிற்கிறது. பெரிய மெஷினைத் தொடப் பயம். இம்பாக்ட் டிரைவரைக் கையில் எடுத்து, "இந்தச் சின்னது இருக்குதே, இதுவும் திருப்பி அடிக்குமா?" என்று கேட்டார். அடிக்காது என்றேன். என் சொல்லை அவர் ஏன் நம்ப வேண்டும்? மாதிரிக் கட்டையைக் கீழே வைத்து, முதலில் நான் ஒரு ஸ்க்ரூ இறக்கினேன், பிறகு அவர் கையில் கொடுத்தேன். முதல் ஸ்க்ரூ கோணலாகப் போனது. ஐந்தாவது நேராக இறங்கியது. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரேணிகுண்டாவுக்குப் போனேன். லோகநாதன் கையில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் "அங்க, இன்னும் கொஞ்சம் மேல" என்று காட்டிக்கொண்டிருந்தார். குமாரி லாரி மேல் நின்று அடித்துக்கொண்டிருந்தார். "என் மேலயும் தப்பு இருக்குதுண்ணா, நான் இன்னும் ரெண்டு தரம் சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் பெரிய டிரில்லை எடுத்து, கைப்பிடியின் உறையைப் பிரித்து, அதை மாட்டி இறுக்கி, குமாரியிடம் காட்டிவிட்டு வந்தேன். லாரி சொன்ன நாளுக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெரிய டிரில்லைக் கைப்பிடி மாட்டி இறுக்காமல் நான் வெளியே அனுப்புவதில்லை. அதை மாட்டினால் பெட்டி மூடாது. பெட்டி மூடவில்லை என்று தினமும் யாராவது திட்டுகிறார்கள், கேட்டுக்கொள்கிறேன். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு லோகநாதன் இரண்டாவது பாட்டரி வாங்கத் தானே வந்தார். மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை, பிடிக்கிற பலம் மட்டும் திரும்பியிருந்தது. கைப்பிடி மாட்டித்தானே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். வெளியே வண்டியருகில் நின்றிருந்த குமாரியை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாட்டாம எங்க மேடம்? மாட்டி, ரெண்டு கையாலயும் புடிச்சிக் காட்டினாத்தான் அவ பாட்டரியே குடுக்கறா."

இத்தனை வருஷம் கவுண்டரில் நின்றதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: மெஷினுக்கு வாரண்டி கொடுக்க எல்லாக் கம்பெனியும் தயார், அதை வாங்கிப் போகிறவருக்கு வாரண்டி கொடுக்கத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் துணியவில்லை.